கிராஃப்ட் பீரும் கலோரி விதியும்: சட்டம் கேட்பது ஒருவரை, பதில் சொல்வது இன்னொருவர்

அமெரிக்காவில் கிராஃப்ட் ஆலைகள் என்று அழைக்கப்படும் சிறு பீர் ஆலைகள் எல்லாம் தங்கள் ஒவ்வொரு பீருக்கும் கலோரி அளவை எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அதனால் ஒவ்வொரு பீரையும் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும், அந்தச் செலவில் சின்ன ஆலைகள் காணாமல் போய்விடும் என்பது அடுத்த பேச்சு. முதல் பகுதி தவறு. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் சொல்லப்படும் காரணம் சரியில்லை.

மெனு அட்டையில் கலோரி காட்டச் சொல்லும் விதி பீர் ஆலையிடம் எதையும் கேட்பதில்லை. அது கேட்பது பெரிய உணவகச் சங்கிலிகளை. அந்தச் சங்கிலி தன் மெனுவை அச்சுக்கு அனுப்புவதற்கு முன், பீர் தரும் ஆலையிடம் எண்ணைக் கேட்கிறது. ஆலைக்கு வரும் நெருக்கடி அரசாங்க நோட்டீஸாக வருவதில்லை, வாங்குபவர் அனுப்பும் படிவமாக வருகிறது. இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது.

விதி யாரைக் கட்டுப்படுத்துகிறது?

2010-ல் நிறைவேறிய மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தின் 4205-ஆம் பிரிவில் இந்த விதி தொடங்குகிறது. அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு எஃப்டிஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் உணவு மருந்து நிர்வாகத்துக்கு. இறுதி விதி 2014 டிசம்பர் 1-ல் வெளியானது. கடைசித் தேதி ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போய், 2018 மே 7-ல்தான் விதி உண்மையில் நடப்புக்கு வந்தது. இத்தனை ஆண்டு இழுபறியில் வதந்தி வளர நிறைய நேரம் கிடைத்துவிட்டது.

விதிக்குள் வர ஒரு கடைக்கு மூன்று தகுதிகள் வேண்டும். 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட சங்கிலியில் அது ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் கிளைகள் ஒரே பெயரில் இயங்க வேண்டும். மெனுவும் பெரும்பாலும் ஒன்றாக இருக்க வேண்டும். கிளைகளின் உரிமையாளர் ஒருவரா பலரா என்பது பொருட்டில்லை; உரிமம் பெற்று நடத்தும் கிளையும் கணக்கில் சேரும்.

ஆகவே தன் பீரைத் தானே ஊற்றி விற்கும் டேப்ரூமை ஆலையோடு ஒட்டி ஒன்றோ மூன்றோ வைத்திருப்பவருக்கு இந்த விதியின் கீழ் எந்தக் கடமையும் இல்லை. தெருமுனையில் ஒற்றைக் கடையாக இருக்கும் பாருக்கும் இல்லை. ஒரே பெயரில் 20 இடங்களில் பீர் காய்ச்சியோ ஊற்றியோ விற்கும் ப்ரூபப் சங்கிலிக்கு உண்டு. கிராஃப்ட் ஆலைகளில் அந்த அளவுக்கு வளர்ந்தவை மிகக் குறைவு.

இங்கிலாந்தில் கோடு வேறு மாதிரி போடப்பட்டிருக்கிறது. 2022 ஏப்ரல் 6 முதல் 250 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் உணவு நிறுவனங்கள் அங்கே மெனுவில் கலோரி காட்ட வேண்டும். ஆனால் 1.2 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானங்களுக்கு விலக்கு. அங்குள்ள செய்தியைப் படித்துவிட்டு அமெரிக்காவுக்குப் பொருத்துவதும், அமெரிக்காவில் உள்ளதை அங்கே பொருத்துவதும் குழப்பத்துக்கு இன்னொரு வழி. இந்தக் கட்டுரை அமெரிக்க விதியை மட்டுமே பேசுகிறது.

சுருக்கமாக: 20 கிளைகளுக்குக் குறைந்தவருக்கு மெனு விதி இல்லை. பீர் ஆலை என்பதற்காகவே யாரும் விதிக்குள் வருவதில்லை.

மெனுவில் என்ன வர வேண்டும்?

சங்கிலியின் மெனுவில் ஒரு பீரின் பெயர் நிரந்தரமாக இடம்பெற்றால், பெயருக்கோ விலைக்கோ பக்கத்தில் அதன் கலோரி வர வேண்டும். எழுத்தின் அளவு, பெயர், விலை இரண்டில் எது சிறியதோ அதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. 12 அவுன்ஸிலும் (355 மில்லி) 16 அவுன்ஸிலும் விற்றால் இரண்டு அளவுக்கும் தனித்தனி எண். 50 கலோரி வரை 5-இன் மடங்காகவும், அதற்கு மேல் 10-இன் மடங்காகவும் முழுமையாக்க வேண்டும்.

பீர்களின் பெயரைச் சொல்லாமல் “டிராஃப்ட் பீர்” என்று ஒரே வரியில் போட்டிருந்தால்? இரண்டே வகை இருந்தால் சாய்கோடிட்டு இரண்டு எண்கள்: 150/220. மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் குறைந்ததிலிருந்து கூடியது வரை ஒரு வீச்சு: 110-290. தலைமை அலுவலகம் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் வீச்சின் இரு முனைகளையும் அறிய ஒவ்வொரு பீரின் எண்ணும் தேவைதான்.

பாருக்குப் பின்னால் அலமாரியில் நிற்கும் பாட்டிலுக்கு, அது கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக எண் ஒட்ட வேண்டியதில்லை. அதே பானம் மெனுவில் ஏறினால் விலக்கு போய்விடும்.

சிறு ஆலைகளுக்கு மிகவும் உதவும் விலக்கு வேறொன்று. ஓர் ஆண்டில் மொத்தம் 60 நாட்களுக்குக் குறைவாக மட்டுமே மெனுவில் இருக்கும் தற்காலிக உருப்படிக்குக் கலோரி காட்ட வேண்டியதில்லை. தொடர்ச்சியாக 60 நாள் என்று பலர் படிக்கிறார்கள், அது தவறு. மார்ச்சில் 35 நாள், அக்டோபரில் 30 நாள் என்று அதே பீர் திரும்பி வந்தால் கூட்டுத்தொகை 65, விலக்கு இல்லை. புதிய உருப்படியை விற்றுப் பார்க்கும் சோதனைக் காலத்துக்குத் தனி விலக்கு உண்டு: தொடர்ந்து 90 நாட்களுக்குக் குறைவாக. பருவத்துக்கு ஒரு பீர் மாற்றும் ஆலைக்குச் சங்கிலியில் பீர்களை மாற்றி மாற்றி ஊற்றும் சுழற்சிக் குழாய் ஒன்று கிடைத்தால், எண்ணே இல்லாமல் உள்ளே போக இதுதான் வாசல்.

ஆலைக்கு வரும் படிவம்

சங்கிலி காட்டும் எண்ணுக்கு “நியாயமான அடிப்படை” இருக்க வேண்டும் என்கிறது விதி. ஆய்வகச் சோதனை, ஊட்டச்சத்துத் தரவுத்தளம், சமையல் குறிப்பிலிருந்து கணக்கிடுதல், வேறு ஏற்கத்தக்க வழிகள் எல்லாம் அதில் அடங்கும். ஆய்வகம் மட்டுமே வழி என்பது விதியில் எங்கும் இல்லை. எஃப்டிஏ கேட்டால் அந்த எண் எப்படி வந்தது என்பதற்கான ஆவணத்தைச் சங்கிலி காட்ட வேண்டும். தகவல் முழுமையானது, சரியானது என்று சங்கிலியின் பொறுப்பான ஊழியர் கையெழுத்திட்டுச் சான்று தர வேண்டும். கையெழுத்துப் போடுபவர் சும்மா போட மாட்டார். அதனால்தான் ஆலைக்குப் படிவம் வருகிறது.

படிவத்தில் கலோரியோடு வேறு சில கட்டங்களும் இருக்கும். வாடிக்கையாளர் கேட்டால் எழுத்து வடிவில் தருவதற்காக மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, கொலஸ்டிரால், சோடியம், கார்போஹைட்ரேட், நார்ச்சத்து, சர்க்கரை, புரதம் ஆகியவற்றையும் சங்கிலி கையில் வைத்திருக்க வேண்டும். பீரில் கொழுப்பு வகைகளும் கொலஸ்டிராலும் பொதுவாகப் பூஜ்யம். உண்மையில் யோசித்து நிரப்ப வேண்டியவை கலோரி, கார்போஹைட்ரேட், புரதம், கொஞ்சம் சோடியம்.

இந்தக் கட்டங்களைக் காலியாக விட்டால் என்ன ஆகும்? அமெரிக்க வேளாண் துறையின் தரவுத்தளத்தில் சாதாரண பீருக்கு 12 அவுன்ஸில் 153 கலோரி, லைட் பீருக்கு 103 கலோரி என்று இருக்கிறது. அந்த 153-ஐ எடுத்துப் போடுவது சங்கிலிக்கு எளிது. சுமார் 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள லாகர் என்னும் இலகுவான வகைக்கு அது பொருந்தும். 7 விழுக்காடு உள்ள, ஐபிஏ என்னும் கசப்பு மிகுந்த வகைக்கோ ஸ்டவுட் என்னும் கறுத்த பீரின் இனிப்பான வகைக்கோ பொருந்தாது. இல்லாவிட்டால் எண் தரும் இன்னோர் ஆலையின் பீரை வாங்கிக்கொள்வார்கள். சட்டப்படி யாரும் தடுக்கவில்லை. குழாய் மட்டும் கைமாறிவிட்டது. கலோரி விதி சிறு ஆலையைத் தொடுவது இந்த இடத்தில்தான்.

சுருக்கமாக: ஆலையின் பங்கு நம்பகமான எண்ணையும், அது வந்த வழியையும் தருவது. ஆய்வகம் கட்டாயமில்லை.

பீரில் கலோரி எங்கிருந்து வருகிறது?

இனி எண்ணைக் கண்டுபிடிக்கும் வேலை. முதலில் ஒரு தவறான நம்பிக்கையை அகற்ற வேண்டும்: “சர்க்கரை எல்லாம் நொதித்துவிட்டால் பீரில் கலோரி இருக்காது.”

மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் இனிப்பு நீருக்கு வோர்ட் என்று பெயர். ஈஸ்ட் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் தருகிறது. இது பெரிய நோட்டைச் சில்லறையாக மாற்றுவது போன்றது: கொஞ்சம் கமிஷன் போகும், பணம் மறைந்துவிடாது. கணக்கில் பார்த்தால், 1 கிராம் சர்க்கரையில் சுமார் 4 கலோரி. அது முழுக்க நொதித்தால் அதிகபட்சம் 0.51 கிராம் ஆல்கஹால் கிடைக்கும். 1 கிராம் ஆல்கஹாலில் சுமார் 6.9 கலோரி. ஆக 0.51 கிராமில் 3.5. நொதித்தலில் குறைந்தது அரை கலோரிதான்.

மீதம் நொதிக்காத சர்க்கரையும் மாவுச்சத்துத் துண்டுகளும் புரதமும். இவற்றில் கிராமுக்கு 4 கலோரி. பீரின் கலோரி முழுவதும் இந்த இரண்டு பைகளில்தான் இருக்கிறது: ஆல்கஹால், மிச்சக் கரைபொருள்.

ஆகவே கலோரியைத் தீர்மானிப்பது நொதித்தலின் முடிவைவிட, நொதிக்கத் தொடங்கும் முன் வோர்ட்டில் எவ்வளவு கரைந்திருந்தது என்பது. லைட் பீரில் கலோரி குறைவதற்கு முதல் காரணமும் இதுவே: அது குறைந்த சர்க்கரையோடு தொடங்குகிறது.

நான்கு சொற்கள்

கணக்குக்கு முன் இவை தேவை.

பிளேட்டோ: 100 கிராம் திரவத்தில் எத்தனை கிராம் கரைந்திருக்கிறது என்ற அளவு. 16 பிளேட்டோ என்றால் 100 கிராம் வோர்ட்டில் 16 கிராம். ஒப்படர்த்தியில் இது ஏறக்குறைய 1.065.

ஆரம்ப அடர்த்தி: ஈஸ்ட் போடும் முன் எடுத்த அளவு.

முடிவு அடர்த்தி: நொதித்து முடிந்தபின் எடுத்த அளவு. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது என்பதால் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டர் கூடுதலாக மூழ்கி, இருப்பதைவிடக் குறைவான எண்ணைக் காட்டும்.

மெய்யான மிச்சம்: அந்த ஆல்கஹால் ஏமாற்றைக் கழித்தபின் பீரில் உண்மையில் கரைந்திருக்கும் பொருள்.

கணக்கு, படிப்படியாக

ஆரம்ப அடர்த்தி 16 பிளேட்டோ, முடிவு அடர்த்தி 3 பிளேட்டோ உள்ள ஓர் ஐபிஏவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க பீர் வேதியியலாளர் சங்கத்தின் முறை தழுவி ஆலைகள் பொதுவாகப் பயன்படுத்தும் வாய்ப்பாடுகள் இவை.

முதலில் மெய்யான மிச்சம். ஆரம்ப அடர்த்தியை 0.1808-ஆல் பெருக்கி, முடிவு அடர்த்தியை 0.8192-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 2.89 + 2.46 = 5.35.

அடுத்து எடைப்படி ஆல்கஹால். ஆரம்ப அடர்த்தியிலிருந்து மெய்யான மிச்சத்தைக் கழித்தால் 10.65. ஆரம்ப அடர்த்தியை 0.010665-ஆல் பெருக்கி, 2.0665-இலிருந்து கழித்தால் 1.896. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 5.62. அதாவது 100 கிராம் பீரில் 5.62 கிராம் ஆல்கஹால். கேனில் நாம் பார்க்கும் கன அளவு விழுக்காட்டில் இது சுமார் 7.2.

மூன்றாவது, 100 கிராமுக்குக் கலோரி. ஆல்கஹாலுக்கு 6.9 × 5.62 = 38.8. மெய்யான மிச்சத்தில் 0.1 கிராமைச் சாம்பல், அதாவது எரியாத தாதுப்பொருள் என்று கழித்து, மீதி 5.25-ஐ 4-ஆல் பெருக்கினால் 21. கூட்டினால் 59.8.

கடைசியாகக் கோப்பை அளவு. 12 அவுன்ஸ் என்பது 355 மில்லி. பீரின் முடிவு ஒப்படர்த்தி 1.012 என்பதால் எடை 359 கிராம். 59.8 × 3.59 = 215. மெனுவுக்கு முழுமையாக்கும் முன் கிடைக்கும் துல்லியமான எண் 214.65, எனவே மெனுவில் 210. 16 அவுன்ஸுக்கு 286, மெனுவில் 290.

இதே பீரை வைத்து இன்னும் இரண்டு பார்ப்போம். படிப்பினை அங்கேதான் இருக்கிறது. ஈஸ்ட் கூடுதலாக உழைத்து முடிவு அடர்த்தி 3-க்குப் பதில் 1 பிளேட்டோவுக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்குக்கு வறண்ட பீர். ஆல்கஹால் 8.2 விழுக்காட்டுக்கு ஏறிவிடும். கலோரி? 12 அவுன்ஸுக்கு 211. குறைந்தது நான்கே நான்கு.

மாறாக முடிவு அடர்த்தி 3-லேயே நிற்க, ஆரம்ப அடர்த்தி மட்டும் 16-க்குப் பதில் 17 ஆகிவிட்டால் கலோரி 229. ஒரே ஒரு பிளேட்டோ தவறினாலும் 14 கலோரி கூடுகிறது.

ஆல்கஹால் விழுக்காட்டை 30-ஆல் பெருக்கினால் 12 அவுன்ஸின் கலோரி வந்துவிடும் என்ற குறுக்குவழி பலரிடம் உண்டு. 7.2 விழுக்காடு ஐபிஏவுக்கு 216 வரும், பொருந்துகிறது. 20 பிளேட்டோவில் தொடங்கி 8-ல் நிற்கும் ஒரு இனிப்பு ஸ்டவுட்டுக்குப் போட்டுப் பாருங்கள். ஆல்கஹால் 6.9 விழுக்காடு, குறுக்குவழி 207 சொல்லும். முழுக் கணக்கு 282 சொல்லும். வறண்ட 8.2 விழுக்காடு பீரிலோ குறுக்குவழி 246 என்று கூட்டிச் சொல்லும். குறுக்குவழியை நடுவாந்தரமான பீருக்கு மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம், படிவத்தில் எழுதக் கூடாது.

கார்போஹைட்ரேட் கட்டத்துக்கு, மெய்யான மிச்சத்திலிருந்து சாம்பலையும் புரதத்தையும் கழித்தால் போதும். புரதத்தைச் சிறு ஆலையில் அளப்பது கடினம். தரவுத்தளத்தில் சாதாரண பீருக்கு 12 அவுன்ஸில் 1.6 கிராம் என்று இருக்கிறது. அதே பதிவில் சோடியம் 14 மில்லிகிராம். இந்த இரண்டையும் தரவுத்தளத்திலிருந்து எடுத்ததாகக் குறிப்பிட்டே எழுதலாம்.

சுருக்கமாக: இரண்டு அளவுகள் போதும், இரண்டும் ஆலையின் காய்ச்சல் பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பவை. அவற்றில் ஆரம்ப அடர்த்திதான் முக்கியம்.

எங்கே தவறு நடக்கிறது

மிகவும் பரவலான தவறு, அளந்த எண்ணை விட்டுவிட்டு செய்முறைத் தாளில் எழுதியிருக்கும் இலக்கு எண்ணைப் போடுவது. இலக்கு 16, கிடைத்தது 17 என்றால் மேலே பார்த்த 14 கலோரி அங்கேயே பிசகிவிடும். கொதிகலனில் அளந்துவிட்டு, பிறகு நொதிகலனில் தண்ணீர் சேர்த்துக் கனஅளவைச் சரிக்கட்டுவதும் இதே பிழைதான். அளவு தண்ணீர் சேர்த்தபின் இருக்க வேண்டும்.

எடைப்படி ஆல்கஹாலுக்குப் பதில் கேனில் உள்ள கன அளவு விழுக்காட்டை வாய்ப்பாட்டில் போட்டுவிடுவது அடுத்தது. 5.62-க்குப் பதில் 7.2 என்றால் 12 அவுன்ஸுக்கு சுமார் 39 கலோரி கூடிவிடும். எண் பார்வைக்கு நம்பும்படியே இருக்கும் என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

முடிவு அடர்த்தியை, ஒளி வளைவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து அப்படியே எழுதக் கூடாது. ஆல்கஹால் ஒளியை வளைப்பதால் அது கூடுதலாகக் காட்டும், திருத்தம் தேவை. ஹைட்ரோமீட்டர் என்றால் மாதிரியைக் குலுக்கி வாயுவை வெளியேற்றி, கருவியில் குறித்த வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பிறகே படிக்க வேண்டும். குமிழிகள் ஒட்டிக்கொண்டால் கருவி மேலே மிதந்து கூடுதல் எண் காட்டும்.

முழுமையாக்குவதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். 12 அவுன்ஸ் எண்ணை 210 என்று முழுமையாக்கிவிட்டு அதிலிருந்து 16 அவுன்ஸுக்குப் போனால் 280 வரும். சரியான எண் 290.

இன்னொன்று ஆலையின் கையில் இல்லாதது: கோப்பை. விளிம்புவரை நிரப்பினால்தான் 16 அவுன்ஸ் பிடிக்கும் கண்ணாடியில் நுரைக்கு இடம் விட்டால் உள்ளே போவது 16 இல்லை. அதனால் ஆலை ஒற்றை எண்ணைத் தராமல் அவுன்ஸுக்கு எவ்வளவு என்றும் சேர்த்துத் தந்துவிடுவது நல்லது. மேலே உள்ள ஐபிஏவுக்கு அவுன்ஸுக்கு 17.9. எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதைச் சங்கிலி பார்த்துக்கொள்ளட்டும்.

வாய்ப்பாடு பொருந்தாத பீர்கள்

நொதிகலனுக்குள் போன எல்லாமும் ஆரம்ப அடர்த்தியில் பதிவாகியிருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. கிராஃப்ட் ஆலைகளின் பெருமையே அந்த நம்பிக்கையை உடைப்பதில்தான் இருக்கிறது.

நொதித்தலின் நடுவில் பழக்கூழ் சேர்த்தால், அதன் சர்க்கரை ஆரம்ப அடர்த்தியில் இல்லை. கூழின் எடையும் அதன் சர்க்கரை விழுக்காடும் தெரிந்தால் அதைச் சேர்த்து ஒரு திருத்திய ஆரம்ப அடர்த்தியைக் கணக்கிடலாம். நொதித்து முடிந்தபின் கூழைச் சேர்த்துக் குளிரில் வைத்து நொதிக்கவிடாமல் விற்றால் கணக்கு வேறு: 100 கிராமில் கூடும் ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் 12 அவுன்ஸில் சுமார் 14 கலோரி தனியாகக் கூட்ட வேண்டும்.

லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையை ஈஸ்ட் தின்னாது. கொதிக்கும்போதே போட்டு அதன்பின் அளந்திருந்தால் வாய்ப்பாடு சரியாகவே வேலை செய்யும். பிற்பாடு போட்டால் பழக்கூழின் கதைதான்.

போர்பன் பீப்பாயில் ஊறிய பீரில் மரத்திலிருந்து ஆல்கஹால் இறங்கியிருக்கும். அது எவ்வளவு என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. பல தொகுதிகளைக் கலந்த புளிப்பு பீர்களும் அப்படியே. இவற்றுக்கு ஆல்கஹாலை நேரடியாக அளக்கும் கருவியோ வெளி ஆய்வகமோ வேண்டும். ஆல்கஹாலும் முடிவு அடர்த்தியும் நேரடியாகக் கிடைத்துவிட்டால் ஆரம்ப அடர்த்தியே தேவைப்படாமல் கணக்கை முடித்துவிடலாம். ஆய்வகத்துக்குச் செலவழிக்கும் பணத்தை இந்த வகைகளுக்கு வைத்துக்கொண்டு, நேரான லாகரையும் பேல் ஏலையும் வாய்ப்பாட்டில் விடுவதே புத்திசாலித்தனம்.

பாரம் உண்மையில் எங்கே?

கணக்கு ஒரு விரிதாளில் அடங்கும். பாரம் கணக்கில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. பெரிய நிறுவனம் ஒரு பீருக்கு ஒருமுறை சோதித்துவிட்டு அந்த எண்ணைக் கோடிக்கணக்கான புட்டிகளில் பங்கிட்டுக்கொள்ளும். ஆண்டுக்கு 40 வகை காய்ச்சும் சிறு ஆலை ஒவ்வொன்றுக்கும் தனித்தாள் தயாரிக்க வேண்டும். அதில் பல வகைகள் சில பீப்பாய்களோடு தீர்ந்துபோகும். ஒரு வகைக்கு ஆகும் வேலை இருவருக்கும் ஒன்றே, அதைச் சுமக்கும் விற்பனை மட்டும் ஒன்றில்லை.

நான் பார்த்தவரை நல்ல வழி, எல்லாப் பீருக்கும் தாள் போடாமல் சங்கிலிகளுக்குப் போகும் நான்கைந்து நிலையான பீர்களுக்கு மட்டும் போடுவது. ஒவ்வொரு தாளிலும் பீரின் பெயர், எந்தெந்தத் தொகுதிகளின் சராசரி, ஆரம்ப அடர்த்தி, முடிவு அடர்த்தி, ஆல்கஹால், 12 மற்றும் 16 அவுன்ஸ் கலோரி, அவுன்ஸுக்கு எவ்வளவு, கார்போஹைட்ரேட், புரதம், சோடியம், கணக்கிட்ட முறை, தேதி, கையொப்பம். ஒரே ஒரு தொகுதியின் எண்ணைவிட மூன்று தொகுதிகளின் சராசரி பாதுகாப்பானது. மால்ட்டின் அளவையோ இலக்கு அடர்த்தியையோ மாற்றினால் தாளும் மாற வேண்டும். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் மட்டும் மாறினால் கலோரியில் சொல்லும்படியான மாற்றம் வராது. சுழற்சிப் பீர்களை 60 நாள் விலக்கில் விட்டுவிடலாம், நாட்களைச் சங்கிலி எண்ணுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேனின் மேல் ஒட்டும் லேபிள் வேறு கதை

மெனு விதியையும் லேபிள் விதியையும் ஒன்றாகப் பேசுவதுதான் குழப்பங்களிலேயே பெரியது. மால்ட் செய்த பார்லியும் ஹாப்ஸும் சேர்ந்த பீரின் லேபிளைக் கவனிப்பது எஃப்டிஏ இல்லை. கருவூலத் துறையின் கீழுள்ள ஆல்கஹால், புகையிலை வரி மற்றும் வணிகப் பணியகம், சுருக்கமாக டிடிபி. இதன் விதிகளில் பொதுவாகக் கலோரி கட்டாயமில்லை. 2013 முதல் விருப்பப்பட்டால் ஒரு பரிமாறலுக்கு உரிய விவரப் பெட்டியைப் போடலாம். போட்டால் சரியாக இருக்க வேண்டும்: எழுதிய கலோரிக்கும் டிடிபியின் சோதனைக்கும் 25 கலோரி வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று 2020-ல் வெளியான நடைமுறை சொல்கிறது. மேலே பார்த்த வாய்ப்பாட்டை ஒழுங்காகப் போட்டால் இந்த எல்லைக்குள் நிற்பது கடினமில்லை. ஆரம்ப அடர்த்தியில் இரண்டு பிளேட்டோ தவறினால் நின்றுவிட முடியாது.

லேபிளில் “லைட்” என்றோ “குறைந்த கார்ப்” என்றோ எழுதினால் அந்த விருப்பம் போய்விடும். கலோரி, கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு ஆகியவற்றை எழுதியே ஆக வேண்டும்.

பார்லி மால்ட் இல்லாமல் சோளத்தில் காய்ச்சும் குளூட்டன் இல்லாத பீரோ, ஹாப்ஸ் இல்லாமல் சர்க்கரையை நொதிக்கவைக்கும் செல்ட்ஸரோ என்றால், 2008-ல் டிடிபி தெளிவுபடுத்தியபடி லேபிளின் உள்ளடக்கம் எஃப்டிஏ பக்கம் போகிறது. அங்கே ஊட்டச்சத்து அட்டவணை பொதுவாகக் கட்டாயம். ஆனால் சிறு உற்பத்தியாளர்களுக்கு விலக்கு உண்டு: 100-க்குக் குறைந்த முழுநேர ஊழியர்கள், அந்தப் பொருள் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குக் குறைந்த எண்ணிக்கை என்றால் ஆண்டுதோறும் அறிவிப்புத் தாக்கல் செய்து விலக்குப் பெறலாம். ஊழியர் 10-க்கும் எண்ணிக்கை 10,000-க்கும் குறைந்தால் அறிவிப்புக்கூட வேண்டாம். லேபிளில் “குறைந்த கலோரி” என்று ஒரு வார்த்தை எழுதினால் இந்த விலக்கு ரத்து. விற்பனைப் பிரிவு ஆர்வத்தில் சேர்க்கும் அந்த ஒரு வரியை அச்சுக்கு முன் யாராவது பார்க்க வேண்டும்.

2025 ஜனவரி 17-ல் டிடிபி ஒரு முன்மொழிவை வெளியிட்டது. ஒரு பரிமாறலுக்கு ஆல்கஹால், கலோரி, கார்போஹைட்ரேட், கொழுப்பு, புரதம் ஆகியவற்றைக் காட்டும் பெட்டி ஒயின், மதுவகைகள், பீர் எல்லாவற்றின் லேபிளிலும் கட்டாயமாக வேண்டும் என்பது அதன் சாரம். இறுதி விதி வெளியான பிறகு ஐந்து ஆண்டு அவகாசம் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. மெனு விதியைப் போலன்றி இது நேரடியாக ஆலையின் தலையில் வந்து நிற்கும். 20 கிளை என்ற வேலியும் இங்கே கிடையாது. சங்கிலிக்காக இன்று எழுதும் அதே தாளில் கொழுப்புக்கு ஒரு கட்டம் இருந்தால், அந்தப் பெட்டிக்கு வேண்டிய ஐந்து எண்களும் அதிலேயே இருக்கும்.